வினைக்கு ஆயுள் கொடுப்பவர் யார்?

வினை என்பது ஒரு பொருள் என்றார்கள் சமணர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக அது உயிருக்குள் வந்து சேர்கிறது, ஒட்டிக்கொள்கிறது, இடத்தை அடைக்கிறது, தன் காலம் முடிந்ததும் உதிர்கிறது. கேட்பவர்களில் பலருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். செய்த காரியம் எப்படித் தூசாக மாறும் என்று கேட்பார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து, நூல் மில்களுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும் பில் போடுகிற, சம்பளக் கணக்குப் பார்க்கிற சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. செய்த ஒவ்வொரு காரியமும் ஒரு பொருளாகி இடத்தை அடைப்பதைத் தினமும் ஜிபி கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சர்வர் எதைச் செய்தாலும் ஒரு வரி எழுதிவைக்கும். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எதைக் கேட்டார், கேட்டது கிடைத்ததா. அந்த வரிகள் சேருகிற கோப்புக்கு லாக் என்று பெயர். 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதியபோது, அதன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்க சிஸ்லாக் என்ற முறையையும் சேர்த்து உண்டாக்கினார். இன்றும் அந்த முறைதான் அடிப்படை. வருகிற ஒவ்வொரு சேதிக்கும் அதில் ஒரு தரம் உண்டு. மொத்தம் 8 படிகள். பூஜ்யம் என்றால் எல்லாம் விழுந்துவிட்டது என்று பொருள். 7 என்றால் டீபக்: நிரல் எழுதியவர் பிழை தேடுவதற்காக, நிரலை ஒவ்வொரு அடிக்கும் வாய்விட்டுப் பேசவைப்பது. தேடல் முடிந்ததும் அந்தப் பேச்சை நிறுத்தவேண்டும். பல இடங்களில் நிறுத்துவதில்லை. அது இரவு பகலாகப் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் டிஸ்க் நிறைந்துவிடும்.

நிறைந்தால் என்ன ஆகும்? 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று ஒரு வரி வரும். சில சமயம் அந்த வரியை எழுதக்கூட இடம் இருக்காது. சர்வர் உயிரோடுதான் இருக்கும், ஆனால் புதிதாக எதையும் ஏற்காது. மில்லில் சம்பளப் பட்டியல் பாதியில் நிற்கும். வெளியிலிருந்து எவனும் வந்து தாக்கவில்லை, மின்சாரம் போகவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. நேற்றுவரை நடந்ததை எழுதி எழுதியே, இன்று நடக்கவேண்டியதற்கு இடமில்லாமல் போய்விட்டது. இது சின்ன ஊர்ச் சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 அசெம்பிளி ஆலைகளும் நின்றன. லாக் அங்கே காரணமில்லை. தரவுத்தளப் பராமரிப்பின்போது சர்வரில் டிஸ்க் இடம் பற்றாமல் போனது. உதிரிபாகம் ஆர்டர் செய்கிற அமைப்பு முடங்கியது. காருக்கு உதிரிபாகம் செய்து அனுப்புகிற பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் இந்தச் செய்தியைச் சிரித்துக்கொண்டு படித்தவர்கள் குறைவு.

சமணத்தைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் வழியில், டோல்கேட்டால் இன்று பலருக்கும் தெரிந்திருக்கிற விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இருக்கிறது. பெருங்கதை எழுதிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர். பக்கத்தில் பெருந்துறைப் பகுதியில் இருக்கும் சீனாபுரத்தை நன்னூல் எழுதிய பவணந்தியோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒரு காலத்தில் கொங்கு மண்ணில் சமணம் தத்துவமாக மட்டும் இல்லாமல், இலக்கணமாகவும் காவியமாகவும் வாழ்ந்திருக்கிறது. அந்த வழியில் அடிக்கடி போய்வந்ததில் எனக்கு அந்த மரபின் மேல் ஓர் ஆவல் பிறந்தது. அப்படித்தான் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தை உரையோடு படிக்க ஆரம்பித்தேன். வினை உயிரில் கட்டுவதைப் பற்றி அவர் பேசும் இடத்துக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கட்டிய வினைக்கு நான்கு அளவுகள் உண்டு என்கிறது அந்த நூல். அது எந்த வகை, எவ்வளவு காலம் ஒட்டியிருக்கும், எவ்வளவு கடுமையாகப் பலன் தரும், எத்தனை துகள். நான் ஒரு லாக் கோப்பைத் திறந்ததும் பார்ப்பவை இதே நான்குதான்: எந்த மென்பொருளுடையது, எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும், எந்தத் தரம், எத்தனை எம்பி. காலக்கணக்குகூட அங்கே வகைவகையாக இருக்கிறது. சில வினைகளின் குறைந்தபட்ச ஆயுள் 8 முகூர்த்தம். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். மயக்கம் தரும் மோகனீய வினையின் அதிகபட்ச ஆயுளோ எண்ணிப் பார்க்க முடியாத அளவு நீண்டது. எல்லா வினையையும் ஒரே காலத்துக்கு வைத்திருக்கும் சோம்பேறித்தனம் அந்த ஏற்பாட்டில் இல்லை.

ஒற்றுமை அழகாக இருக்கிறது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அடுத்து சமணர்கள் சொல்வதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மனம், சொல், உடல் மூன்றும் அசைகிற வரைக்கும் வினைத்துகள் வந்துகொண்டுதான் இருக்கும். தமிழ்ச் சமணர்கள் இதை ஊற்று என்பார்கள். வகையையும் அளவையும் தீர்மானிப்பது இந்த அசைவு. ஆனால் எவ்வளவு காலம் ஒட்டும், எவ்வளவு கடுமையாகப் பலிக்கும் என்பதை அசைவு தீர்மானிப்பதில்லை. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கும்தான் தீர்மானிக்கின்றன. எண்ணெய் தேய்த்த உடம்பில் தூசு அப்புவதை அவர்கள் உவமையாகச் சொல்வார்கள். பற்று முழுக்க அற்றவரும் நடக்கிறார், பேசுகிறார், உண்கிறார். அவரிடமும் துகள் வருகிறது. ஒரு கணம் தொட்டுவிட்டு உதிர்ந்துவிடுகிறது.

செயல் பதிவைத் தருகிறது. அதற்கு ஆயுளைத் தருவது நம் உள்ளே இருக்கும் வேறொன்று. இதைப் படித்த பிறகு எங்கள் சர்வர்களை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். வாடிக்கையாளர்களிடம், "இந்த லாக்கை எத்தனை நாள் வைக்கலாமுங்க?" என்று கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. வருகிற பதில்களை அந்த நான்கின் கீழ் பிரித்துப் போட்டுவிடலாம்.

பேராசைதான் அதிகம். "இருக்கட்டுமுங்க, எப்பவாச்சும் தேவைப்படும்" என்பார்கள். எதற்கு என்று கேட்டால் பதில் வராது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மதியம் யாரோ பில் பக்கத்தைத் திறந்தார் என்ற வரி எதற்கும் தேவைப்படப்போவதில்லை. இருந்தாலும் அழிக்க மனசு வராது. டிஸ்க் விலை மலிவாகிவிட்டது இந்த ஆசைக்கு நல்ல தீனி. 'நிறைந்தால் இன்னொன்று வாங்கிப் போடுங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்தது செருக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்று காட்டுவதற்காகவே சேர்த்துவைக்கும் பதிவுகள் உண்டு. யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் காட்டவேண்டும் என்ற ஆசைதான் வைத்திருக்கிறது.

வஞ்சம் கொஞ்சம் அந்தரங்கமானது. எந்த ஊழியர் எத்தனை நேரம் எந்தத் திரையில் இருந்தார் என்பதை அவருக்குச் சொல்லாமல் எடுத்துவைக்கச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். "பார்க்கறதுக்கு இல்லீங்க, சும்மா இருக்கட்டும்" என்பார்கள். சும்மா இருப்பதற்கு எதற்கு ரகசியம்?

சினம்தான் நீண்ட ஆயுள் தருவது. மென்பொருள் எழுதிய குழுவுக்கும் தரவுத்தளக் குழுவுக்கும் ஒரு தகராறு வந்துவிட்டால், தப்பு யார் பக்கம் என்று நிரூபிக்க இரண்டு தரப்பும் லாக்கைப் பத்திரப்படுத்துவார்கள். பிரச்சினை தீர்ந்து, ஆட்கள் வேலை மாறி, அந்த மென்பொருளே கைவிடப்பட்ட பிறகும் அந்தக் கோப்புறை அப்படியே கிடக்கும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் அப்பாருவும் அவர் தம்பியும் ஒரு கிணற்றைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். ஆளுக்கு இத்தனை நாள் முறைத்தண்ணி. யார் மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நின்றது என்று அப்பாரு ஒரு நோட்டில் எழுதிவைத்தார். கரண்டு போன நேரத்தைக்கூடக் குறித்திருக்கிறார். பிறகு கிணறு வறண்டது. போர் போட்டார்கள். பங்குத் தண்ணி என்ற பேச்சே முடிந்தது. நோட்டு மட்டும் பரண்மேல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. தண்ணீர் இருந்த காலத்தைவிட அதன் கணக்கு அதிக நாள் வாழ்ந்தது. அப்பாரு கெட்ட மனுஷர் கிடையாது. தம்பி மீதிருந்த கோபம்தான் அந்த நோட்டுக்கு ஆயுள் கொடுத்தது.

அப்படியென்றால் அழித்துவிட வேண்டியதுதானே? இங்கே யூனிக்ஸ் எனக்கு ஒரு பாடம் சொன்னது. ஒரு ராத்திரி எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் போன் செய்தான்.

"அண்ணா, பெரிய லாக்கை அழிச்சுப்போட்டனுங்கண்ணா. ஆனா டிஸ்க்கு இன்னும் நூறு சதம்தான் காட்டுதுங்கண்ணா."

"யாரு அதப் புடிச்சுட்டு இருக்கறாங்கன்னு பாரு தம்பி" என்றேன்.

யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகளில் ஒரு கோப்பை அழிப்பதென்றால், அடைவிலிருந்து அதன் பெயரை எடுப்பது மட்டும்தான். அந்தக் கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், பெயர் போன பிறகும் உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும். நிரல் அதில் எழுதிக்கொண்டும் இருக்கும். அடைவில் தேடினால் கோப்பு இல்லை. இடத்தை அளந்தால் நிறைந்திருக்கிறது. கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் டியூ என்ற கட்டளை ஒரு கணக்குச் சொல்லும், மொத்த டிஸ்க்கையும் அளக்கும் டிஎஃப் வேறொரு கணக்குச் சொல்லும். வித்தியாசத்துக்கு யார் பொறுப்பு என்பதை எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும்: பெயருக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்று போட்டு, பிடித்திருக்கும் நிரலின் எண்ணையும் தரும். அந்த நிரலை ரீஸ்டார்ட் செய்தால், அதாவது அது கையை விட்டால், இடம் அந்த நொடியே திரும்பிவரும்.

'அதையெல்லாம் மறந்துட்டேனுங்க' என்று சொல்கிற மனிதர்களிடம் நான் கண்டது இதுதான். பெயரை எடுத்துவிட்டார்கள், பேச்சில் அது வருவதில்லை. ஆனால் மனதில் புதிதாக எதற்கும் இடம் கிடைப்பதுமில்லை. வெளியில் அழிப்பது ஒரு செயல். உள்ளே விடுவது வேறொரு செயல். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிடும் என்பது நம் நம்பிக்கை மட்டுமே.

செவ்வாய்க் கோளில்கூட இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி அங்கே இறங்கிய சில வாரங்களில் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது. ஃப்ளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகிவிட்டதுதான் மூலகாரணம். அழித்த கோப்புகளுக்காக ஒதுக்கிய அடைவு இடங்களும் சுருங்காமல் அப்படியே நின்றன. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அந்த அடைவு முழுவதையும் நினைவில் ஏற்றப் பார்த்து, முடியாமல் விழுந்தது. பொறியாளர்கள் ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமலே அதை எழுப்பி, பிறகு கோப்புகளை நீக்கிச் சரிசெய்தார்கள்.

சேர்ந்ததைக் கழிப்பதற்குச் சமணர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் செறிப்பு: வருகிற வழியை அடைப்பது. பிறகு உதிர்ப்பு: வந்ததைக் கழிப்பது. டிஸ்க் நிறைந்த ராத்திரியில் யாரும் வரிசை பார்ப்பதில்லை. கையில் கிடைத்ததை அழித்து மூச்சுவிட வழி செய்வோம். தப்பில்லை. ஆனால் டீபக்கை நிறுத்தாமல் அழித்துக்கொண்டே இருப்பவன் அடுத்த வாரமும் அதே ராத்திரியில் விழித்திருப்பான். உதிர்ப்பிலும் இரண்டு வகை சொல்கிறார்கள். பலன் கொடுத்து முடித்துத் தானாக உதிர்வது ஒன்று. காலம் வருமுன்பே தவத்தால் உதிர்ப்பது இன்னொன்று. எங்கள் தொழிலில் முதலாவதற்கு லாக்ரொட்டேட் என்ற நிரல் இருக்கிறது. நேற்றைய கோப்புக்குப் பெயர் மாற்றி, முந்தையதைச் சுருக்கி, குறித்த கெடு தாண்டியதை நீக்கும். யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ராத்திரியில் கையால் அழிப்பது.

கையால் அழிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் பிஜி_எக்ஸ்லாக் என்றொரு அடைவு இருந்தது. டிஸ்க் நிறைந்த பதற்றத்தில், பெயரில் 'லாக்' இருக்கிறதே என்று பலர் அதை அழித்தார்கள். தரவுத்தளம் பாழானது. 2017இல் வந்த பத்தாம் பதிப்பில் அதன் பெயரையே பிஜி_வால் என்று மாற்றிவிட்டார்கள். அதில் இருப்பது நடந்து முடிந்ததன் குறிப்பு மட்டும் இல்லை. 'இந்த மாற்றத்தைச் செய்துவிட்டேன்' என்று பயனருக்குச் சொல்லியாயிற்று, ஆனால் அட்டவணைக் கோப்பில் இன்னும் எழுதி முடிக்கவில்லை; அந்த இடைவெளியில் வாக்கைக் காப்பாற்றுவது அந்தப் பதிவு. எழுதி முடித்து இனித் தேவையில்லை என்றானதும், அந்தப் பகுதியைத் தரவுத்தளமே கழித்துவிடும்.

ஆகவே பதிவுகளில் இரண்டு வகை இருக்கிறது: முடிந்துபோனதைச் சொல்லும் பதிவு, இன்னும் தர வேண்டியதைச் சொல்லும் பதிவு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரிக்கத் தெரியாதவன் கையில் மறதியும் நினைவும் ஒரே அளவு ஆபத்தானவை.

இதையெல்லாம் பேரூரில் இருக்கும் என் மாமனாரிடம் பேசியிருக்கிறேன். அவர் சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவர். சமணக் கணக்கு அவருக்கு ஒப்பவில்லை.

"மாப்பிள்ளை, எல்லாஞ் சரிங்க. டிஸ்க்கு தன்னைத்தானே கழுவிக்குமாங்க? மேல ஒருத்தரு வேணுமல்லங்க?"

நான் வாயைக் கொடுத்தேன். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கிவைப்பார்கள், மற்ற எல்லோருக்கும் டிஸ்க் நிறைந்துவிட்டாலும் ரூட் உள்ளே வந்து வேலை செய்ய இடம் இருக்கும் என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதானுங்க அருளு! உயிரு எவ்வளவு மலத்துல மூடிக் கெடந்தாலும் அவன் உள்ள வர்றதுக்கு எடம் வெச்சிருக்கறானல்ல."

அவர் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. சித்தாந்தமும் வினையை மூன்றாகப் பிரித்து மூன்று வழி சொல்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம் தீட்சையில் எரிகிறது. இந்தப் பிறவிக்கென்று வந்த பிராரத்தம் அனுபவித்துத் தீர்கிறது. புதிதாக ஏறும் ஆகாமியம் அருளால் ஏறாமல் நிற்கிறது. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் பிறவாப்புளி என்றொரு புளியமரத்தைக் காட்டுவார்கள். அதன் விதை முளைக்காது என்பது ஊர் நம்பிக்கை. பேரூருக்கு வந்தவருக்கு மறுபிறவி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி என்பார் மாமனார். என் அம்மாவின் பக்தி இன்னும் நேரடியானது. சித்ரா பௌர்ணமி அன்று சித்திரகுப்தனை வேண்டிக்கொண்டு, மலையளவு பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுது என்பார். கணக்கை அழி என்று அவர் கேட்பதில்லை. எதை எந்தத் தரத்தில் எழுதவேண்டும் என்று மட்டும் ஒரு சிபாரிசு.

அம்மாவின் வேண்டுதலில் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. டிஸ்க்கை நிரப்புவது பாவம் என்று நாம் நினைக்கிறோம். ஓர் இணைய சர்வரின் லாக்கைத் திறந்து பாருங்கள். நல்லபடியாக நடக்கிற சர்வரில் பெரும்பாலான வரிகளின் ஓரத்தில் 200 என்ற எண் இருக்கும். கேட்டது கிடைத்தது, எல்லாம் சரி என்று பொருள். பிழை வரிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நல்லபடியாக நடந்த காரியங்களின் கணக்குத்தான் இடத்தை அடைக்கிறது. கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுதினால் டிஸ்க் இன்னும் சீக்கிரம் நிறையும். சமணர்கள் புண்ணியத்தையும் கட்டு என்றே வைத்தார்கள். சைவர்களும் இருவினையொப்பு வரவேண்டும் என்றார்கள்: நல்வினைப் பலனையும் தீவினைப் பலனையும் ஒரே கண்ணால் பார்க்கிற பக்குவம். அது வந்து, மலமும் பக்குவப்பட்ட பிறகுதான் அருள் பதியும் என்பது அவர்கள் முறை.

இந்த இடத்தில் மாமனாரும் நானும் நெருங்கி வந்துவிடுகிறோம். கழுவுவது யார் என்பதில்தான் சண்டை. தன் முயற்சியே என்கிறார் சமணர், அவன் அருளே என்கிறார் சைவர். ஆனால் பிடியை விடாத உயிருக்கு எதுவும் நடக்காது என்பதில் இருவருக்கும் மாறுபாடில்லை. ரூட் வந்து கோப்பின் பெயரை எடுத்தாலும், பிடித்திருக்கும் நிரல் விடாதவரை இடம் வருவதில்லை. "ரூட்டு நெனச்சா நிரலையே நிறுத்தலாமல்ல மாப்பிள்ளை?" என்று அவர் கேட்டார். நிறுத்தலாம். அதை வேண்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறோம் போலிருக்கிறது. ஆனால் எந்த நிர்வாகியும் அதை முதல் வேலையாகச் செய்வதில்லை. முதலில் நிரலுக்கு ஒரு சைகை அனுப்புவோம்: நீயாக மூடிக்கொள், புதிய கோப்பைத் திறந்துகொள் என்று. பெரும்பாலான நிரல்கள் கேட்டுக்கொள்ளும்.

இதுவரை சொன்னது என் பதிவு, என் பிடி. அடுத்தவருடைய பதிவு என்றால் பேச்சு மாறுகிறது. மறப்பது நல்லது, விடுவது நல்லது என்று சொல்லிக்கொண்டே போனால், அது யாருக்கு வசதி என்று கேட்கவேண்டும். மூடிய மில்லில் வேலை பார்த்த ஒருவருக்குத் தான் எத்தனை வருஷம் அங்கே வேலை செய்தோம் என்பதற்கான வருகைப் பதிவுதான் கிராஜுவிட்டி கேட்க ஆதாரம். 'பழசெல்லாம் எதுக்குங்க' என்று நிர்வாகம் அதைக் கழித்துவிட்டால், அதைத் துறவு என்று சொல்ல முடியுமா? நான் தினமும் போகிற அதே அவிநாசி ரோட்டில் இருக்கிறது சின்னியம்பாளையம். அந்த ஊர் மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நாளை ஊர் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறது. அதற்குக் கெடு குறிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

சட்டமும் இதைத்தான் தன் மொழியில் தடவிப் பார்க்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்கிறது. ஏதாவது தாக்குதல் நடந்தால் விசாரிக்க வேண்டுமே. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்துவிட்டால் ஒருவரைப் பற்றிய தரவை அழிக்கவேண்டும் என்கிறது. ஒன்று வை என்கிறது, ஒன்று அழி என்கிறது. முரண்போலத் தெரிந்தாலும், இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இது யாருக்குத் தர வேண்டியது, எது வரை?

விஜயமங்கலம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சிரவணபெளகொளாவில் கோமதீசுவரர் சிலையை எடுப்பித்த சாவுண்டராயரின் தங்கை புல்லப்பை, அங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்வது. வினையை உதிர்ப்பதற்காக உணவையும் உடம்பையும் ஒவ்வொன்றாக விட்ட ஒரு பெண்ணின் பெயர், ஆயிரம் வருஷம் கடந்து கல்லில் இருக்கிறது. முதலில் இது எனக்கு முரணாகப் பட்டது. எல்லாவற்றையும் விட்டவருக்கு எதற்குப் பெயர்? பிறகு புரிந்தது, கல்லை வெட்டியது அவர் இல்லை. பிடியை விட்டது அவர். பதிவை வைத்தது பின்னால் வருகிறவர்களுக்காக ஊர். தன்னைப் பற்றியதைத் தான் விடுவதும், ஒருவருக்குத் தர வேண்டிய நினைவைப் பிறர் காப்பதும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. நாம்தான் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். அடுத்தவருக்குத் தர வேண்டியதைச் சுலபமாக மறக்கிறோம். நமக்கு வர வேண்டியதாக நினைப்பதைப் பரண்மேல் வைத்துக் காக்கிறோம்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். எந்த லாக்குக்கும் காலக்கெடு போடும்போது, அது யாருக்காக வைக்கப்படுகிறது என்றும் பக்கத்தில் எழுதவேண்டும். விசாரணைக்கு என்றால் 180 நாள். தணிக்கைக்கு என்றால் தணிக்கையாளர் கேட்கும் காலம். தொழிலாளியின் வருகை என்றால் அவர் பாக்கி தீரும்வரை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எழுதினால் செல்லாது. அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காமல் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களைப் பார்க்கிறேன். பாதிப் பதிவுகளுக்கு அங்கே ஆள் பெயர் வருவதில்லை. வைத்திருப்பவருடைய பயமோ கோபமோதான் வருகிறது, அதை யாரும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. அழிக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் விடை சொல்வதில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வரச் சொல்கிறேன். பங்காளிச் சண்டையைப் பற்றிப் புலம்ப வருகிற சொந்தக்காரர்களிடமும் இதையே சொல்லிப் பார்த்தேன். சர்வர்காரர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்கள்.